வெள்ள நிவாரண முகாமில் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் தன்னார்வலர்கள் உருப்படியாக என்ன செய்யலாம்?

பால் பவுடரும் பொம்மையும் வாங்குவதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களின் வேலையில் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கன்வாடி டீச்சர் பெரும்பாலும் அதே பகுதிக்காரர். அவர் வீட்டிலும் தண்ணீர் நிற்கும். ஆனாலும் பெயர்ப் பட்டியல் எழுதுவது, பாய் போர்வை எண்ணிக் கொடுப்பது எல்லாம் அவர் தலையில்தான் விழும். ஆயாம்மாவைச் சமையலுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்கு ஆள் இருக்காது. எனவே முகாம் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பட்டியல் வேலையை எங்களிடம் கொடுங்கள். டீச்சர் தன் வீட்டைக் கழுவிவிட அரை நாளாவது விடுப்பும் வாங்கிக் கொடுங்கள். முதல் நாள் உதவிக்கு ஆள் குவியும், மழை விட்டதும் காணாமல் போகும். நான்காம், ஐந்தாம் நாளுக்கு யார் வருவார்கள் என்று முதல் நாளே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

இனி பால் விஷயம். பயத்தில் தாய்ப்பால் வற்றிவிடும் என்று முகாமில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். வற்றாது. பதற்றத்தில் பால் இறங்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். குழந்தை அடிக்கடி சப்பினால் சரியாகிவிடும். நடுவில் புட்டிப்பால் புகுந்தால் குழந்தை சப்புவது குறையும், அப்போதுதான் சுரப்பு நிஜமாகவே குறையும். கழுவ நல்ல தண்ணீரும் கொதிக்க வைக்க அடுப்பும் இல்லாத இடத்தில் புட்டி என்றால் வயிற்றுப்போக்குதான். பால் பவுடரையும் பால் புட்டியையும் இப்படி விநியோகிப்பதை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்கள் பற்றிய 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அநாதை இல்லங்களுக்கு மட்டும் விலக்கு. தாய்க்குத் தேவை ஒரு மறைவிடம். கல்யாண மண்டபமானால் மணமகள் அறை; பள்ளிக்கூடமானால் மூலையில் கயிறு கட்டி இரண்டு சேலை. ஒரு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், மூத்த பிள்ளையை வைத்துக்கொள்ள ஒரு ஆள்.

தாயில்லாத குழந்தைக்கோ ஏற்கெனவே பவுடர் பாலில் வளரும் குழந்தைக்கோ சுகாதார செவிலியர் மூலம் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். புட்டி வேண்டாம், பால் புகட்டும் பாலாடைக் கிண்ணம் போதும். அதில் அழுக்கு தங்க இடுக்கு கிடையாது. கொதித்த தண்ணீரில் ஒரு வேளைக்கு மட்டும் கலக்கி ஆற்றிக் கொடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குப் பொட்டலச் சாம்பார் சாதம் காரம். தாளிப்பதற்கு முன்பே கொஞ்சம் சாதமும் வெந்த பருப்பும் தனியாக எடுத்து வைக்கச் சமையல்காரரிடம் சொன்னால் போதும், செலவே இல்லை. பேதியானால் ஒரு லிட்டருக்கான உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொட்டிக் கலக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. உப்பு கூடிப்போய் ஆபத்தாகும்.

விளையாட்டுக்குக் காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம், 15 பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் "தண்ணி வருது, மேல ஏறு" என்றே விளையாடுவார்கள். விடுங்கள், பயத்தை அவர்கள் கழிக்கும் வழி அது. நடந்ததைச் சொல், வரை என்று வற்புறுத்தக் கூடாது. பழகிய பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பதும் முந்தானையை விடாததும் இந்தச் சமயத்தில் இயல்பு. அடிக்க வேண்டாம் என்று தாயிடம் அப்போதே சொல்லிவிட்டால் பாதி அழுகை குறையும். தாயே சாப்பிடாமல், தூங்காமல், பிள்ளையை ஏறிட்டும் பார்க்காமல் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு நீங்களே போன் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

விளையாட்டு இடத்தில் ஒரு நோட்டு வையுங்கள்: பிள்ளை பெயர், வயது, கொண்டுவந்து விட்டவர் பெயர், கையெழுத்து. விட்டவரே வந்து கூட்டிப்போக வேண்டும். "மாமாதான்" என்று வேறு யார் வந்தாலும் அனுப்பாதீர்கள். யாரும் தேடி வராத பிள்ளை இருந்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுங்கள்.