பக்கத்து வீட்டில் யார்?

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வருடமாக நியூயார்க் குவீன்ஸில், எல்ம்ஹர்ஸ்ட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு பெண் குழந்தை, அடுத்த வருடம் கிண்டர்கார்டன். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் ஓப்பன் ஹவுஸ் என்று விற்பனைக்குத் திறந்து வைத்த வீடுகளாக ஏறி இறங்கியதில் இரண்டு வீடுகள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று ஜாக்சன் ஹைட்ஸில் இரண்டு படுக்கையறை கோ-ஆப், அதாவது குடியிருப்பவர்களே பங்குதாரர்களாக இருக்கும் அடுக்குமாடி. இன்னொன்று ரிச்மண்ட் ஹில்லில் இரண்டு குடும்ப வீடு, ஒன்பதரை லட்சம் டாலர். மாடியை வாடகைக்கு விடலாம். பேஸ்மென்ட்டிலும் சமையலறை, பாத்ரூம் எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதிலேயே மாதம் 1,800 டாலர் வரும் என்கிறார் ஏஜென்ட்.

அந்தத் தெருவில் நம்ம ஆட்கள் இருக்கிறார்களா என்று அவரிடம் கேட்டேன். "அதை நான் சொல்லக்கூடாது" என்று பேச்சை மாற்றிவிட்டார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கோ-ஆப் என்றால் அதன் நிர்வாகக் குழு நம்மைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுத்தான் சேர்த்துக்கொள்ளும். மனைவிக்கோ அந்தப் போர்டு இன்டர்வியூ என்றாலே ஆகவில்லை. "நம்ம காசைக் கொடுத்து வாங்குற வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்த மாதிரி உக்காரணுமா?" என்கிறாள். பேசாமல் நியூஜெர்சியில் எடிசனுக்குப் போய்விடு, அங்கே நம்மவர்கள் இருக்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் குவீன்ஸிலேயே இருபது வருடத்துக்கு மேல் இருப்பவர். என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., எல்ம்ஹர்ஸ்ட்

*

அன்புள்ள எஸ்.,

ஏஜென்ட் மேல் கோபப்படாதீர்கள். உங்கள் கடிதத்தில் அந்த மனிதர் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாததுதான்.

மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது 1968 ஏப்ரல் 4. சரியாக ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்துப் போட்டார். இனத்தையும் மதத்தையும் பார்த்து, இவரை இந்தத் தெருவுக்கு, அவரை அந்தத் தெருவுக்கு என்று ஓட்டிக்கொண்டு போவதற்கு இந்தத் தொழிலில் ‘ஸ்டியரிங்’ என்று பெயர். அது சட்டவிரோதம். தெரிந்தும் செய்கிறவர்கள் உண்டு. நமக்குப் பக்கத்திலிருக்கும் லாங் ஐலண்டில் நியூஸ்டே பத்திரிகை, வீடு வாங்குகிறவர்கள் போல ஆட்களை அனுப்பி ரகசியமாகப் படம்பிடித்து 2019-ல் வெளியிட்டது. கறுப்பர்கள் போன சோதனைகளில் 49 சதவீதத்திலும், ஆசியர்கள் போனவற்றில் 19 சதவீதத்திலும் பாகுபாடு தெரிந்தது. "உங்க ஆளுங்க அந்தப் பக்கம் இருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற ஏஜென்ட், அடுத்த வண்டியில் வருகிறவரிடம் "அந்தப் பக்கம் அவங்க ஆளுங்க இருக்காங்க, வேண்டாம்" என்றும் சொல்வார். ‘அவங்க’ என்பது அப்போது நாம்தான்.

நீங்கள் பார்த்திருக்கிற ஜாக்சன் ஹைட்ஸ் கதையும் இதுதான். இன்று 74ஆம் தெருவில் ரயிலை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் பட்டேல் பிரதர்ஸில் முருங்கைக்காய், மறுபக்கம் திபெத்திய மோமோ, நாலு எட்டு வைத்தால் கொலம்பியா ரொட்டி. இந்தப் பேட்டையைக் கட்டியது குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற கம்பெனி. 1909-ல் மன்ஹாட்டனுக்குக் குவீன்ஸ்பரோ பாலம் திறந்ததும் வயல்வெளியாகக் கிடந்த நிலத்தை வாங்கி, நடுவில் தோட்டம் விட்டுச் சுற்றிலும் வீடுகள் எழுப்பினார்கள். யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் கொடுப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. அந்தத் தோட்டங்கள் அப்படியே இருக்கின்றன, 1993 முதல் வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். வடிகட்டிக் குடிவைத்த வீடுகளில் இப்போது உலகமே குடியிருக்கிறது.

உங்கள் மனைவி சொன்ன பெண் பார்க்கும் உவமை மிகச் சரி. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். 2006-ல் ஒரு கோ-ஆப் போர்டு எங்களைக் கூப்பிட்டது. ஐந்து பேர், மேஜைமேல் எங்கள் மூன்று வருட வரிக்கணக்கு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கின் ஒவ்வொரு வரியும். ஒரு அம்மாள் கண்ணாடியை இறக்கி, "வீட்டில் நிறைய சமைப்பீர்களோ?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பெருமையாக, "மூணு வேளையும்" என்றார். பத்து நாளில் மறுப்புக் கடிதம் வந்தது. காரணம் ஒன்றும் எழுதவில்லை. சமையல்தானா, கையிருப்புத் தொகையா, இன்றுவரை தெரியாது. இனம், மதம், குடியேற்ற நிலை பார்த்து மறுக்கக் கூடாது என்று நகரச் சட்டமே இருக்கிறது. ஆனால் காரணமே எழுதாத கடிதத்தை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

இருந்தாலும் கோ-ஆப் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அங்கே நீங்கள் வாங்குவது வீடே இல்லை. கட்டடத்தின் சொந்தக்காரக் கம்பெனியில் பங்குகள், கூடவே உங்கள் ஃபிளாட்டில் குடியிருக்க ஒரு லீஸ். அதனால் வீட்டுக் கடனைப் பதியும்போது கட்டுகிற மார்ட்கேஜ் பதிவு வரி கிடையாது. ரிச்மண்ட் ஹில் வீட்டுக்கு நீங்கள் இருபது சதவீதம் கையிலிருந்து போட்டு 7,60,000 டாலர் கடன் வாங்கினால், அந்த வரி மட்டும் 1.925 சதவீதம், சுமார் 14,600 டாலர். இதை ஏஜென்ட் சொன்னாரா? கோ-ஆப்பில் அதற்குப் பதில் மாதாமாதம் மெயின்டனன்ஸ், அதுவும் ஏறும். கட்டடத்தின் கடந்த சில வருடக் கணக்கை உங்கள் வக்கீல் படிக்கட்டும். கூரை ஒழுகுகிற கட்டடமா, கையிருப்பு உண்டா, எல்லாம் அதில் தெரிந்துவிடும். அவர்கள் உங்கள் வங்கிக் கணக்கைப் பார்க்கிற மாதிரி நீங்களும் அவர்களுடையதைப் பாருங்கள்.

இப்போது அந்தப் பேஸ்மென்ட். உங்கள் கடிதத்தில் என் வயிற்றைக் கலக்கியது அந்த 1,800 டாலர்தான்.

ஊரில் வீடு வாங்கினால் என்ன செய்வோம்? மூலப் பத்திரம் பார்ப்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். இங்கே அதற்கு மேல் ஒரு காகிதம் உண்டு: குடியிருப்புச் சான்று, சர்டிஃபிகேட் ஆஃப் ஆக்குபன்சி. கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் எவரும் பார்க்கலாம். (1938-க்கு முன்னால் கட்டிய வீடாக இருந்தால் அது இல்லாமலும் போகலாம். அப்போது வக்கீல் பழைய பதிவுகளைத் தோண்ட வேண்டும்.) அதில் இரண்டு குடும்பம் என்று இருந்து கீழே மூன்றாவது குடும்பத்தைக் குடிவைத்தால் அபராதம் வரும், உடனே காலி செய்யச் சொல்லி உத்தரவு வரும். அதைவிடப் பெரிய கூத்து, குடியிருப்பவர் வாடகை தராவிட்டால் கோர்ட்டுக்குப் போனாலும் உங்களுக்குக் கிடைக்காது, சட்டப்படி அது வாடகைக்கு விடக்கூடிய இடமே இல்லையே. இன்னொன்றையும் கவனியுங்கள். உயரத்தில் பாதிக்கு மேல் தெருமட்டத்துக்குக் கீழே இருந்தால் அதற்குப் பெயர் செல்லர், பேஸ்மென்ட் இல்லை. ஒன்று, இரண்டு குடும்ப வீடுகளில் நகரின் அனுமதி இல்லாமல் செல்லரைக் குடியிருக்க விடவே முடியாது. ஏஜென்ட் வாயில் எல்லாமே பேஸ்மென்ட்தான். அளந்து பார்க்க டேப் எடுத்துக்கொண்டு போங்கள்.

சட்டத்தை விடுங்கள். 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்சம் இந்த நகரத்தின் மேல் கொட்டியது. சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம். நம் சாக்கடைகள் மணிக்கு 1.75 அங்குலத்துக்கு மேல் தாங்கக் கட்டப்பட்டவை அல்ல. பல இடங்களில் மழைத்தண்ணீரும் கழிவும் ஒரே குழாயில் ஓடுகின்றன, குழாய் நிரம்பினால் வீட்டுக்குள்தான் திரும்பும். அன்று எங்கள் செல்லரில் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, தரையிலிருந்த வடிகால் ஓட்டையிலிருந்து கொப்பளித்தது. அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முழங்கால் அளவு. எங்களுக்குப் போனது ஒரு வாஷிங் மெஷினும் கொலுப் பெட்டியும். நகரில் அன்று இறந்தவர்கள் 13 பேர், அவர்களில் 11 பேர் பேஸ்மென்ட் குடியிருப்புகளில் இருந்தவர்கள். பெரும்பாலோர் குவீன்ஸ்காரர்கள். குறைந்த வாடகைக்கு வேறு எங்கும் இடம் கிடைக்காமல் அங்கே போனவர்கள். அந்த அறைக்கு வீட்டுக்காரராக இருக்க உங்களால் முடியுமா? என்னால் முடியாது.



2007-ல் வீடு தேடும்போது ஒரு செல்லருக்குள் இறங்கினேன். சாம்பிராணி மணம் தூக்கியது, என்னடா இவ்வளவு பக்தி என்று நினைத்தேன். சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பலகை, அதற்கு மேல் பழைய பெயின்ட். பாய்லரின் நாலு காலும் சிமென்ட் கல்மேல் நின்றன. படிக்கட்டின் கடைசி இரண்டு படியில் மட்டும் ஆணித்தலைகள் துருவேறியிருந்தன. பலகையை விரல் முட்டியால் தட்டினேன், கீழ்ப்பகுதி ஊறிய அட்டை மாதிரி பொத்தென்றது. இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்ற இடம். சாம்பிராணி எதற்கென்று அப்போது புரிந்தது.

நம்ம ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் நாங்கள் வாங்கியதும் ரிச்மண்ட் ஹில்தான், லிபர்ட்டி அவென்யூவுக்கு வடக்கே. முன்வாசல்களில் மூங்கிலில் கட்டிய சிவப்பு, மஞ்சள் கொடிகள் பறக்கிற தெரு. தமிழ் வீடு ஒன்றுகூட இல்லை. தென்னமெரிக்கக் கயானாவிலிருந்து வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி முதல் நாளே வேலிக்கு மேலே எட்டி, "நீ மதராஸியா? நானும் மதராஸி" என்றார். 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் வழி வந்தவர். தமிழில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது. ஆனால் அவர்கள் மாரியம்மன் பூசையில் அடிக்கும் பறைக்குப் பெயர் ‘தப்பு’, தலையில் எடுப்பது ‘கரகம்’. வருடாவருடம் என்னைக் கூட்டிப்போகிறார். நம்ம ஆட்கள் இருக்கிறார்களா என்று ஏஜென்ட்டைக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? நானே என்ன சொல்லியிருப்பேன்?

எடிசன் நல்ல ஊர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பால் வாங்கவும் காரை எடுக்க வேண்டும், அது எனக்கு ஒத்துவராது. உங்களுக்கு ஒத்துவந்தால் போங்கள். நம்மவர்களுக்காக மட்டும் போகாதீர்கள். அவர்களும் ஒரு நாள் வீட்டை விற்றுவிட்டு டெக்சாஸ் போவார்கள்.

இரண்டு வீடுகளில் எது என்று கேட்டால், பேஸ்மென்ட் வாடகையைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள். மாடி வாடகையோடு மாதத் தவணை கட்ட முடிந்தால் ரிச்மண்ட் ஹில், முடியாவிட்டால் கோ-ஆப். கோ-ஆப் என்றால் இன்டர்வியூவுக்கு உங்கள் மனைவியைப் பேச விடுங்கள், உவமை மட்டும் வேண்டாம். சமையல் பற்றிக் கேட்டால், "வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லச் சொல்லுங்கள்.

ரிச்மண்ட் ஹில் வீட்டுக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லையே? நல்ல மழை ஒன்று பெய்யட்டும். மறுநாள் காலையில் அந்த வீட்டைப் பார்க்க ஏஜென்ட்டிடம் நேரம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். எனக்கு நடந்து வருகிற தூரம்தான். சுவரைத் தட்டிப் பார்க்க நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா