பூட்டை மாற்றிய ஒட்டுண்ணி

வணக்கம் ஐயா,
முதுகலை உயிர்த்தகவலியல் படிக்கிறேன். மலேரியா ஒட்டுண்ணி பெருகத் தேவையான டி.எச்.எஃப்.ஆர் என்ற நொதியில் 500 தாவர மூலக்கூறுகளை டாக்கிங் செய்தேன், அதாவது எப்படிப் பொருந்துகின்றன என்று கணினியில் பார்த்தேன். ஒன்றுக்கு ஸ்கோர் -10.2 வந்தது (எண் கீழே போகப்போக இறுக்கமாக ஒட்டும் என்று கணிப்பு). புதிய மருந்து கண்டுபிடித்திருக்கிறேன் என்று எழுதலாமா? அடுத்து எந்த மென்பொருள் கற்கலாம்?
எம்.

அன்புள்ள எம்.,

எழுதக் கூடாது. மென்பொருள் எதுவானாலும் பரவாயில்லை, அதை விடுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது பைரிமெத்தமினைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இதே நொதியை முடக்கிய பழைய மருந்து. இன்று பல இடங்களில் பலிப்பதில்லை. நொதிச் சங்கிலியின் 108ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் போய் அஸ்பராஜின் என்ற இன்னொன்று வந்ததில் தொடங்கியது, பிறகு வேறு சில மாற்றங்களும் சேர்ந்தன. பைரிமெத்தமின் விறைப்பான மூலக்கூறு. குளோரின் ஏந்திய அதன் வளையம் அஸ்பராஜினின் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக்கிளையில் இடிக்கிறது. சாவி அப்படியே இருக்க, ஒட்டுண்ணி பூட்டை மாற்றிக்கொண்டது.

தாய்லாந்தில் யோங்யுத் யுத்தவோங்கின் குழு இந்த நொதியின் படிக அமைப்பை, அதாவது அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற வரைபடத்தை, 2003இல் வெளியிட்டது. எங்கே இடிக்கிறது என்று கண்ணால் பார்த்தபின், வளைந்துகொடுக்கும் இணைப்புச் சங்கிலியோடு பி218 என்ற மூலக்கூறை வடிவமைத்தார்கள். நொதி தான் வேலை செய்யவேண்டிய இயல்பான பொருளைப் பிடிக்கும் இடத்துக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. அந்த இடத்தை மாற்றினால் ஒட்டுண்ணியின் சொந்தப் பிழைப்பே கெடும். எவ்வளவு அழகான யோசனை! மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை அது போனது.

மாணவனாக இருந்தபோது எனக்கும், வேறொரு நொதியில், ஒரு பிரமாதமான ஸ்கோர் கிடைத்தது. இரண்டு நாள் தூக்கமில்லை. சோதனையில் சிவப்பணுக்களுக்குள் ஒட்டுண்ணிகள் ஒன்றுமே நடக்காததுபோல வளர்ந்தன. சிவப்பணுவின் சவ்வு, ஒட்டுண்ணியைச் சூழ்ந்த சவ்வு, அதன் சொந்தச் சவ்வு என்று மூன்றைத் தாண்ட வேண்டும். ஸ்கோருக்கு அது தெரியாது. ஆசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏற்கெனவே வேலை செய்யும் மருந்தை இதே நொதியில் போட்டுப் பார்த்தாயா?"

உங்களிடமும் அதையே கேட்கிறேன். பைரிமெத்தமினைப் போட்டீர்களா? மாறாத நொதியில், மாறிய நொதியில்? இரண்டிலும் அதற்கு ஒரே ஸ்கோர் வந்தால், உங்கள் -10.2க்கு என்ன பொருள்? நம் உடலிலும் டி.எச்.எஃப்.ஆர் இருக்கிறது, உங்கள் மூலக்கூறு அதிலும் அதே இறுக்கத்தோடு ஒட்டினால்? 500 மூலக்கூறுகளை ஓட்டியவருக்கு இதற்கு ஒரு மணி நேரம் இல்லையா? இது சோம்பல், கோபமாகவே சொல்கிறேன். 2023இல் மலேரியாவில் சுமார் 5,97,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு குழந்தைகள். 'மருந்து' என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக எடுக்காதீர்கள்.

500 மூலக்கூறுகளோடு உட்கார்ந்த பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஒப்பீட்டை முடித்து எண்களை அனுப்புங்கள். உங்கள் மூலக்கூறு தோற்றிருந்தாலும் அனுப்புங்கள்.