அலுவலக மின்னஞ்சலில் ஸ்பேம் வடிகட்டி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் கல்லூரியின் அஞ்சல் சர்வரில் ஸ்பேம்அசாசின் என்னும் ஸ்பேம் வடிகட்டி மென்பொருள் இயங்குகிறது. இன்னும் குப்பை அஞ்சல் வருவதால், வரம்பு மதிப்பெண்ணை 5-லிருந்து 3-ஆகக் குறைத்து, அதைத் தாண்டும் அஞ்சல்களை அழித்துவிடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். ஒவ்வோர் அஞ்சலும் பல விதிகளால் சோதிக்கப்பட்டு, அவை தரும் மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால்தான் ஸ்பேம் எனக் குறிக்கப்படுகிறது. விதிகளின் மதிப்பெண்கள் அந்த 5-ஐ மனத்தில் கொண்டே நிர்ணயிக்கப்பட்டவை. பழைய அஞ்சல்களிலிருந்து கற்று, ஓர் அஞ்சல் ஏறக்குறைய நிச்சயமாக ஸ்பேம்தான் என்று கணிக்கும் பேயஸ்_99 என்னும் விதி வழக்கமாக 3.5 தருகிறது. வரம்பு 3 என்றால் அந்த ஒரு விதியே தனித்துத் தீர்ப்பெழுதிவிடும். பல சாட்சிகளைக் கேட்டு முடிவு செய்வது என்ற அடிப்படையே போய்விடும்.

அழிப்பது அதைவிடக் கேடு. அனுப்பியவருக்கும் தெரியாது, பெறவேண்டியவருக்கும் தெரியாது. நான் பொறுப்பேற்ற ஓர் அலுவலகத்தில் இப்படித்தான் ஒரு விலைப்புள்ளி மறைந்துபோய், கெடு முடிந்த பின்னரே தெரியவந்தது. அன்றிலிருந்து எந்த அஞ்சலையும் ஓசையின்றி அழிக்க நான் ஒப்புவதில்லை. 5-ஐ எட்டியவற்றைக் குப்பைக் கோப்புறைக்கு அனுப்புங்கள். 10 அல்லது அதற்கு மேல் பெற்றவற்றை, அனுப்பும் சர்வருடன் இணைப்பு இருக்கும்போதே மறுத்துவிடுங்கள். தவறாக மறுக்கப்பட்ட உண்மையான அனுப்புநருக்கு அவருடைய சர்வரே தகவல் சொல்லிவிடும். அஞ்சலை ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பி அனுப்பாதீர்கள். ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி என்பதால், அந்தத் திருப்பம் சம்பந்தமில்லாத யாரோ ஒருவரைப் போய்ச் சேரும்.

கேள்வி: எங்கள் சொந்த டொமைனை (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரை) வெள்ளைப் பட்டியலில், அதாவது நம்பத்தக்க அனுப்புநர்களின் பட்டியலில், சேர்த்திருக்கிறோம். ஆனாலும் மேலாளர் பெயரில், அவருடைய முகவரியிலிருந்தே வந்ததுபோல், பணம் கேட்டுப் போலி அஞ்சல்கள் வருகின்றன.

பதில்: அந்தப் பட்டியல்தான் அவற்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. ஒயிட்லிஸ்ட்_ஃப்ரம் கட்டளை அனுப்புநர் முகவரியை மட்டும் பார்த்து, மதிப்பெண்ணில் 100-ஐக் கழித்துவிடும். அந்த முகவரியையோ யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அதை இன்றே நீக்கிவிட்டு, எஸ்.பி.எஃப். (டொமைனின் பெயரில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்ற பதிவு) அல்லது டி.கே.ஐ.எம். (அஞ்சலில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம்) சோதனையில் தேறியவற்றுக்கு மட்டும் சலுகை தரும் ஒயிட்லிஸ்ட்_ஆத் கட்டளையைப் பயன்படுத்துங்கள் (4.0 பதிப்பிலிருந்து இதற்கு வெல்கம்லிஸ்ட்_ஆத் என்று பெயர்).

அடுத்து, உங்கள் டொமைனுக்கு டிமார்க் பதிவை வெளியிடுங்கள்; இந்தச் சோதனைகளில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று பெறும் சர்வர்களுக்கு அது சொல்லும். முதலில் கொள்கையை 'நன்' (none, எதுவும் செய்ய வேண்டாம்) என்று வைத்துச் சில வாரங்கள் அறிக்கைகளைப் படியுங்கள். சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள், இணையதளப் படிவம் என நீங்கள் மறந்துபோன அனுப்புநர்கள் அதில்தான் வெளிப்படுவார்கள். அவற்றையெல்லாம் சரிசெய்த பிறகு 'குவாரன்டைன்' (ஒதுக்கிவை), அதன்பின் 'ரிஜெக்ட்' (மறுத்துவிடு) என்று படிப்படியாக இறுக்குங்கள். ஒவ்வொரு சேவையையும் எஸ்.பி.எஃப். பதிவில் சேர்த்துக்கொண்டே போகும்போது, அது தூண்டும் டி.என்.எஸ். (டொமைன் பெயர்களின் விவரங்களைத் தரும் இணையப் பதிவேடு) தேடல்கள் 10-ஐத் தாண்டினால் சோதனையே பிழையில் முடியும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு வாரமாக ஸ்பேம் அஞ்சல்களைக் காட்டிப் பேயஸ் வடிகட்டிக்குப் பயிற்சி தருகிறேன். ஒரு மாற்றமும் இல்லை.

பதில்: நல்ல அஞ்சல்களையும் காட்டினீர்களா? ஸ்பேம் 200, நல்ல அஞ்சல் 200 என்ற இரண்டு எண்ணிக்கையும் நிறைந்த பிறகே பேயஸ் பேசத் தொடங்கும். எண்ணிக்கை சரியாக இருந்தால், பயிற்சி தரும் எஸ்ஏ-லேர்ன் கட்டளையை எந்தப் பயனர் பெயரில் இயக்கினீர்கள் என்று பாருங்கள். நீங்கள் ரூட் (சர்வர் நிர்வாகி) ஆக இருந்து கற்பித்து, வடிகட்டி வேறு பயனராக இயங்கினால், நீங்கள் கற்பித்தது ஒரு தரவுத்தளத்திலும் அது படிப்பது இன்னொன்றிலுமாக இருக்கும்.

கேள்வி: ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பேம்ஹவுஸ் பட்டியலை இணைத்தும் அது எதையும் பிடிக்கவில்லையே?

பதில்: சர்வரின் டி.என்.எஸ். கூகுளின் 8.8.8.8 போன்ற பொதுச் சேவையாக இருக்கக்கூடும். அவற்றின் வழியே வரும் கேள்விகளுக்கு ஸ்பேம்ஹவுஸ் உரிய பதில் தருவதில்லை. அன்பவுண்ட் போன்ற டி.என்.எஸ். மென்பொருள் ஒன்றை உங்கள் சர்வரிலேயே நிறுவி நேரடியாகக் கேளுங்கள்.

கேள்வி: தமிழில் வரும் அஞ்சல்கள் மட்டும் குப்பைக்குப் போகின்றன, ஐயா.

பதில்: முதலில் அந்த அஞ்சலின் தலைப்பகுதியில் எந்தெந்த விதிகள் பட்டிருக்கின்றன என்று படியுங்கள். விரும்பாத மொழி என்ற விதி அங்கே தென்பட்டால், ஏற்கும் மொழிகளைக் குறிக்கும் ஓகே_லாங்குவேஜஸ் வரியில் யாரோ ஆங்கிலத்தை மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். தமிழையும் சேர்க்கலாம், ஆனால் இரண்டு வரி அஞ்சலில் மொழியைக் கணிப்பது எளிதில் தவறும் என்பதால், அந்த வரியையே எடுத்துவிடுவதுதான் என் பரிந்துரை. மாற்றிய பின், அமைப்புகளில் பிழை தேடும் லின்ட் சோதனையை ஓட்டிப் பிழையில்லை என்று பார்த்துவிட்டு, வடிகட்டியை மறுபடி தொடங்குங்கள்.