ஜோசன் காதல் காமிக்ஸில் தண்டனைக் காட்சி: யார், எத்தனை அடி, எந்தத் தடியால்?

கேள்வி: ஜோசன் அரச வம்சம் ஆண்ட காலத்துக் கொரியாவை வைத்து ஒரு காதல் காமிக்ஸ் வரைந்துகொண்டிருக்கிறேன். நாயகன் புதிதாகப் பதவிக்கு வந்த மாவட்ட அதிகாரி. ஒரு பெரிய வீட்டு எசமானி தன் அடிமைப் பெண்ணை அடித்தே கொன்றுவிடுகிறாள். நாயகன் அவளுக்கு நூறு தடியடியும், உடந்தையாக இருந்த தம்பிக்கு அன்று மாலையே சிரச்சேதமும் விதிக்கிறான். பின்னால் நாயகியின் தந்தை மேல் ராஜதுரோகப் பழி விழுகிறது. அவளுக்கு விஷக் கிண்ணம் வருகிறது. படித்துப் பார்த்த தோழி, "இத்தனை கொடூரமானவனை இந்தக் காலத்தில் எப்படி ரசிப்பது?" என்று கேட்கிறாள். எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும்?

பதில்: கொடூரம் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் நாயகனிடம் நீங்கள் கொடுத்திருப்பது அரசனுடைய அதிகாரம். ஐரோப்பியப் பின்னணிக் காதல் வெப்டூன்களில் (இணையக் காமிக்ஸ்களில்) கோட்டைக்குச் சொந்தக்காரனான டியூக்தான் தன் நிலத்துக்கு நீதிபதியும். அவன் விரல் அசைத்தால் தலை உருளும். அந்த டியூக்குக்குக் கொரிய உடை மாட்டியதுபோல இருக்கிறான் உங்கள் ஆள். ஜோசனில் மாவட்ட அதிகாரி அரசன் அனுப்பிய உத்தியோகஸ்தர். பதவிக்காலம் 1800 நாள்; குடும்பத்தை அழைத்து வராதவருக்கு 900. மண்ணும் அவருடையதல்ல, தண்டனையும் முழுக்க அவர் கையில் இல்லை.

1485 முதல் நடைமுறையில் இருந்த க்யோங்குக் தேஜோன் சட்டத் தொகுப்பு இதைக் கறாராகப் பிரித்து வைத்திருந்தது. மாவட்ட அதிகாரி தானாக முடிக்கக்கூடியது மெல்லிய தடியால் ஐம்பது அடி வரைதான். அதற்கு மேல் என்றால் வழக்கு மாகாண ஆளுநருக்குப் போகும்; அவருக்குக்கூட வரம்பு நாடுகடத்தலோடு (தொலைதூர ஊருக்கு அனுப்பிவைப்பதோடு) முடிகிறது. உயிரை எடுக்கும் தீர்ப்பு அரசனுக்கு மட்டுமே. அதுவும் செஜோங் அரசர் 1421-ல் கொண்டுவந்த விதிப்படி மூன்று முறை மறுபரிசீலனை ஆன பிறகு. அதற்கும் மேல், மிகக் கடுமையான குற்றங்கள் தவிர மற்றவற்றுக்கு வசந்த காலமும் கோடையும் கழிந்து, இலையுதிர்காலம் வரும்வரை காத்திருந்துதான் தண்டனையை நிறைவேற்றுவார்கள்.

ஆக, "அன்று மாலையே சிரச்சேதம்" நிற்காது. வசந்தத்தில் நடந்த கொலைக்கு இலையுதிர்காலம் வரை சிறை. உங்களுக்கு இது லாபம்தான். கதைக்கு ஆறு மாத இடைவெளி கிடைக்கிறது: மேல்முறையீடு, லஞ்சம், மனமாற்றம் எல்லாம் அதற்குள் நடக்கலாம்.

தண்டனைகளுக்கு ஐந்து படி இருந்தது. அளவு தெரிந்தால் வசனம் எழுதச் சுலபம். மெல்லிய தடியால் 10 முதல் 50 வரை, பத்துப் பத்தாக ஏறும். பெரிய தடியால் 60 முதல் 100 வரை. மூன்றாவது கட்டாய உழைப்பு: ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை, அரையாண்டுக் கணக்கில் கூடும், ஒவ்வொன்றோடும் 60 முதல் 100 அடி சேரும். நான்காவது நாடுகடத்தல், கூடவே நூறு அடி. கடைசி மரணம், அதிலும் கழுத்தை நெரிப்பது குறைந்தது, தலையை வெட்டுவது கூடியது, ஏனென்றால் உடல் முழுதாகப் புதைக்கப்படுவதை அவர்கள் பெரிதாக மதித்தார்கள். இந்தப் பட்டியல் சீனாவின் மிங் சட்டத்திலிருந்து எடுத்தது என்பதால் ஒரு வேடிக்கை உண்டு. நாடுகடத்தல் தூரம் 2000, 2500, 3000 லீ (பழைய தூர அளவு) என்று சீனக் கணக்கில் இருக்கும். கொரியாவில் தலைநகரிலிருந்து அவ்வளவு தூரம் போனால் கடலில் விழ வேண்டியதுதான். செஜோங் காலத்தில்தான் உள்நாட்டு இடங்களுக்கு ஏற்ப அதைச் சரிசெய்தார்கள்.

இப்போது தடிக்கு வருவோம், ஏனென்றால் படம் வரைபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். தொலைக்காட்சித் தொடர்களில் முற்றத்தில் ஒருவனைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு பேர் துடுப்பு மாதிரி பட்டையான கட்டையை ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். அதன் பெயர் கொன்ஜாங். அது பிற்கால ஜோசனில் வந்த கருவி. படைத் தளபதிகளும் திருடர்களைப் பிடிக்கும் காவல் அதிகாரிகளும் பயன்படுத்தியது. அதிலேயே ஐந்து வகை உண்டு. மிகப் பெரியது கிட்டத்தட்ட 1.8 மீட்டர் நீளம், 16 செ.மீ. அகலம், சுமார் 3 செ.மீ. கனம். சாதாரண மாவட்ட அதிகாரி ஒரு வீட்டுத் தகராறுக்கு இதை எடுத்தால் அவர்மேலேயே புகார் போகும்.

சட்டப்படி அவர் கையில் இருக்க வேண்டியது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள குச்சி. மெல்லிய தடியின் தடித்த முனை 8 மி.மீ., பெரிய தடியினுடையது சுமார் 10 மி.மீ. அடிப்பது ஒல்லியான முனையால், படுவது புட்டத்தில். பார்வைக்குச் சாதாரணமான குச்சி, ஆனால் ஒரே இடத்தில் அறுபது முறை விழுந்தால் தோல் கிழிந்து, சீழ் பிடித்து, பத்து நாள் கழித்து ஆள் சாகலாம். பலர் செத்தது அடியில் இல்லை, அதன் பின்விளைவில். ஆகவே அடி முடிந்ததும் அடிபட்டவர் நாயகன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துபோகும் காட்சி வேண்டாம். சில வாரம் குப்புறப் படுக்க வையுங்கள். பெண்களுக்கு ஓர் உடை மேலேயே அடி விழும். கள்ளக்காதல் குற்றத்துக்கு மட்டும் உடையைக் களைவார்கள். இந்த இரண்டாவது விதியைக் காட்சியாக்கும் காமிக்ஸ்கள் உண்டு. என் கருத்து, வேண்டாம். தீர்ப்பு வாசகத்தில் ஒரு வரியாக வந்தாலே போதுமான அளவு வலிக்கும்.

தடியை யாராவது தடிமனாகச் செய்து வைத்திருந்தால்? ஜோங்ஜோ அரசர் 1778-ல் எல்லாத் தண்டனைக் கருவிகளுக்கும் அளவு நிர்ணயித்து நாடெங்கும் அனுப்பினார். ரகசியமாக ஊர் ஊராகப் போய்ச் சோதிக்கும் அரச ஆய்வாளர்கள் குதிரைச் சின்னம் பொறித்த வில்லையோடு பித்தளை அளவுகோல்களையும் கொண்டுபோவார்கள். வில்லையை எல்லாத் தொடரிலும் காட்டுகிறார்கள், அளவுகோலைக் காட்டுவதில்லை. அதிகாரியின் முற்றத்தில் தடிக் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக அளந்து, அதிகத் தடிமனைத் தனியே ஒதுக்கும் ஒருவன்: உங்கள் நாயகனை ஆய்வாளராக மாற்றினால் இந்தக் காட்சி உங்களுக்குச் சொந்தம்.

விசாரணையில் அடிப்பது வேறு கணக்கு, அதையும் தண்டனையோடு குழப்பக்கூடாது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதே அன்றைய விசாரணையின் நோக்கம் என்பதால் சித்திரவதை சட்டத்துக்கு உட்பட்டிருந்தது. ஆனால் ஒரு தடவைக்கு முப்பது அடிக்கு மேல் கூடாது, மூன்று நாளைக்குள் மறுபடி அடிக்கக்கூடாது. உயர்குடியினரை அடிக்க அரசனிடம் முன்அனுமதி வேண்டும். சாமானியனுக்கும் திருடனுக்கும் அது தேவையில்லை. விதி இருந்தது என்பதும் பல இடங்களில் மீறப்பட்டது என்பதும் இரண்டும் உண்மை. யோங்ஜோ அரசர் கொடிய முறைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்: முழங்காலை நசுக்குவது 1725-ல், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது 1733-ல், முகத்தில் பச்சை குத்துவது 1740-ல், கண்ட இடத்தில் கூட்டமாக அடிப்பது 1770-ல். உங்கள் கதை 1780-ல் நடக்கிறது என்று எழுதிவிட்டு அதிகாரபூர்வ விசாரணையில் சூட்டுக்கோல் வந்தால், விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

அடிமைப் பெண் விஷயம்தான் உங்கள் கதையின் கனமான பகுதி. தவறு செய்த அடிமையை அரசுக்குச் சொல்லாமல் எசமானன் கொன்றால் நூறு அடி. எந்தத் தவறும் செய்யாத அடிமையைக் கொன்றால் அறுபது அடியும் ஓராண்டு உழைப்பும். சொல்பேச்சுக் கேட்காததற்கு முறைப்படி அடித்தபோது தற்செயலாக உயிர் போனால் குற்றமே இல்லை. உயர்குடிப் பெண்ணாக இருந்தால் அந்த அடியைக்கூடப் பெரும்பாலும் பணமாகக் கட்டிவிடுவார்கள். எதிர்த்திசையில் பாருங்கள்: அடிமை எசமானனைக் கொன்றால் மாட்டு வண்டிகளில் கட்டி உடலைக் கிழிப்பது. ராஜதுரோகம் தவிர வேறு எதற்காகவும் எசமானன்மேல் புகார் கொடுத்தாலே கழுத்து நெரிப்பு!

அப்படியானால் உங்கள் கதையில் புகார் கொடுப்பது யார்? செத்தவளின் அம்மா அதே வீட்டு அடிமை. அவள் வாய் திறந்தால் அவளுக்கே மரணம். நாயகன் செய்யக்கூடியது பிணப் பரிசோதனை. இதற்குக் கையேடே இருந்தது. சந்தேக மரணம் என்றால் அந்த மாவட்ட அதிகாரி முதலில் நேரில் பார்த்து அறிக்கை எழுதுவார். பக்கத்து மாவட்ட அதிகாரி வந்து, முதல் அறிக்கையைப் பார்க்காமல், இரண்டாவது பரிசோதனை செய்வார். உடம்பைக் கழுவி, காயத்தின் நிறம், நீளம், இடம் குறிப்பார்கள். விஷம் என்று சந்தேகம் வந்தால் வெள்ளிக் கொண்டை ஊசியைத் தொண்டைக்குள் விட்டு, மூடிவைத்து, பிறகு எடுத்து, கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அழுகிய உடலிலிருந்து வரும் கந்தகமும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். விஷமே இல்லாமல் "விஷம்" என்று தீர்ப்பு வர அது போதும், உங்களுக்கு ஒரு திருப்பமும் இலவசம்.

ராஜதுரோகக் கட்டத்தில் விஷக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். அது ஐந்து படிகளுக்குள் இல்லாத ஒரு மரியாதை. அரச குடும்பத்துக்கும் பெரிய மந்திரிகளுக்கும் மட்டும் அரசன் அனுப்புவது. 1482-ல் பதவி இழந்த அரசி யூன், 1519-ல் சீர்திருத்தம் பேசிய உயர் அதிகாரி ஜோ க்வாங்ஜோ, 1689-ல் முதிய அறிஞர் சோங் சியோல் ஆகியோர் அப்படி இறந்தவர்கள். உய்கும்பு என்ற அரச நீதிமன்றத்தின் அதிகாரி கிண்ணத்தோடு வருவார். தண்டனை பெற்றவர் உடை திருத்தி, பாய் விரித்து, தலைநகரின் திசையில் வணங்கிவிட்டுக் குடிப்பார். குடித்த நொடியில் ரத்தம் கக்கி விழுவது திரைக்காக வந்தது.

துரோகியின் மகளுக்கு நேர்வது வேறு. பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ள மகன்களுக்குச் சாவு. மனைவி, மகள்கள், சிறு பையன்கள் எல்லாரும் அடிமைகள். நேற்று வரை பல்லக்கில் போனவள் ஓர் அரசு அலுவலகத்தில் தண்ணீர் இறைப்பாள். காதல் கதைக்கு இதைவிட வலுவான வீழ்ச்சி எதற்கு? சொந்தச் செயலுக்கு இல்லாமல் இரத்த உறவுக்காக வரும் இந்தத் தண்டனையும், அடிமை முறையும் 1894 சீர்திருத்தத்தில்தான் சட்டப்படி ஒழிந்தன. ஆனாலும் உறவினர் செயலுக்காக ஒருவரைப் பாதிக்கக்கூடாது என்ற வாசகம் தென் கொரிய அரசமைப்பில் ஏறியது 1980-ல்தான். அந்த வழக்கத்தின் நிழல் எவ்வளவு நீளம் என்று அதிலிருந்து தெரியும்.

இன்றைய நிலையோடு ஒப்பிடும்போது "அன்று காட்டுமிராண்டி, இன்று நாகரிகம்" என்று ஒரே கோடு போட வேண்டாம். வாக்குமூலத்தைச் சித்திரவதையால் பெற்றால் தென் கொரியாவில் அது சாட்சியமே ஆகாது, அரசமைப்பே அப்படிச் சொல்கிறது. மரண தண்டனை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் கடைசியாக நிறைவேற்றியது 1997 டிசம்பர் 30-ல். கள்ளக்காதல் 2015 பிப்ரவரி வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஜோசனில் 1480-ல் ஓவுடோங் என்ற உயர்குடிப் பெண்ணின் கள்ளக்காதல் வழக்கில் சட்டம் நாடுகடத்தலோடு நின்றது. சோங்ஜோங் அரசர் சட்டத்தைத் தாண்டிப் போய்க் கொல்லவைத்தார். அந்தப் பெண்ணோடு பழகிய ஆண்கள் பலர் பிறகு பதவிக்குத் திரும்பினார்கள். தடியடியும் உலகைவிட்டுப் போய்விடவில்லை: சிங்கப்பூரில் ஐம்பது வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு இன்றும் நீதிமன்றம் பிரம்படி விதிக்கிறது, பிரம்பின் விட்டம் 1.27 செ.மீ. வரை, உச்சவரம்பு 24 அடி. அதாவது ஜோசனின் பெரிய தடியைவிடச் சற்றுத் தடிமன்.

உண்மையில் மாறியது வேறொன்று. அன்று அடித்தவன் யார், பட்டவன் யார் என்று பார்த்த பிறகே தண்டனையின் அளவு தீர்மானமானது. உங்கள் தோழிக்கு நாயகன்மேல் வரும் கசப்புக்குக் காரணம் அடியின் எண்ணிக்கை என்று தோன்றவில்லை. அவன் கோபத்தில் தண்டிக்கிறான், நாயகிமேல் உள்ள பிரியத்தில் மன்னிக்கிறான்; இரண்டிலும் சட்டம் அவன் மனநிலையாகிவிடுகிறது. அவனைச் சட்டத்துக்குள் அடைத்துவிட்டு, அதற்குள் என்ன செய்ய முடியும் என்று தேட விடுங்கள். எசமானிக்கு வரப்போவது வெறும் அபராதம் என்று தெரிந்தும் அறிக்கையில் ஒரு காயத்தைக்கூட விடாமல் எழுதுகிறவனை இன்றைய வாசகர் ரசிப்பார்.

காலத்துக்கு என் பரிந்துரை ஜோங்ஜோ ஆட்சி (1776–1800), அதிலும் 1790-கள். கொடிய சித்திரவதைகள் சட்டத்தில் நீங்கியிருந்தன. தடிகளுக்கு அளவு வந்திருந்தது. அரசரே மரண வழக்குகளைத் தனித்தனியாகப் படித்துத் தீர்ப்பெழுதினார். அவர் பரிசீலித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளில் பெரும்பாலானவை மரணத்தில் முடியவில்லை.

நாயகி தந்தைக்காக முறையிடவும் அப்போது வழி இருந்தது. அரச ஊர்வலம் போகும் பாதையில் பித்தளைத் தட்டை அடித்துக் கவனத்தை ஈர்ப்பது. தந்தைக்காகப் பிள்ளையும், கணவனுக்காக மனைவியும், எசமானனுக்காக அடிமையும் அப்படி முறையிடலாம் என்று 1746 சட்டத் தொகுப்பு ஏற்றிருந்தது. ஜோங்ஜோ 1789-ல் தன் தந்தை சாடோ இளவரசரின் கல்லறையைச் சுவோன் பக்கம் மாற்றியபின் அடிக்கடி அந்தப் பாதையில் போனார், ஆகவே காட்சியைத் தலைநகருக்கும் சுவோனுக்கும் இடையே வையுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தட்டை அடித்தவரை முதலில் பிடித்து உள்ளே வைத்து விசாரித்த பிறகே மனு மேலே போகும். அரசர் உடனே பல்லக்கை நிறுத்தி அவள் கண்ணீரைத் துடைப்பதுபோல் வரையாமல், இரண்டு காவலர் அவள் கையைப் பின்னால் கட்டி இழுத்துப்போவதாக வரையுங்கள். பதில் அடுத்த அத்தியாயத்தில் வரட்டும்.