1, 2, 3 என்று போட்டதெல்லாம் எண்ணா?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டவுன் பஸ் சேவை பற்றி 160 பெண்களிடம் கருத்து கேட்டேன். வேலை (1 கூலி, 2 வீட்டு வேலை, 3 கடை, 4 அலுவலகம்), திருப்தி (1 முதல் 5 வரை), கடைசியாக "என்ன மாற வேண்டும்?" என்று எழுதச் சொன்னேன். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் வேலைக்குச் சராசரி 2.4 என்று வருகிறது. இதை எப்படி விளக்குவது? எழுதிய பதில்களை என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த 2.4-ஐ முதலில் அடித்துவிடுங்கள். கூலிக்கு 1, கடைக்கு 3 என்று நீங்கள் வைத்தது பஸ்ஸின் தடம் எண் மாதிரி வெறும் பெயர்தான், அதைக் கூட்டி வகுத்தால் வருவதற்கு அர்த்தமே கிடையாது. மெஷர் என்ற இடத்தில் நாமினல் (வெறும் பெயர் வகை) என்று சரியாகக் குறித்திருந்தாலும் சராசரி கேட்டால் மென்பொருள் கொடுத்துவிடும், அது தடுக்காது. வேலைக்கு எத்தனை பேர், எத்தனை சதவீதம், அவ்வளவு போதும்.

திருப்தி வேறு கதை. அதில் வரிசை உண்டு, ஆனால் 1-க்கும் 2-க்கும் உள்ள தூரமும் 4-க்கும் 5-க்கும் உள்ள தூரமும் ஒன்றா என்று யாருக்கும் தெரியாது. உதாரணத்துக்கு 40 பேர் என்று வையுங்கள். 40 பேரும் 3 போட்டாலும் சராசரி 3, 20 பேர் 1-ம் 20 பேர் 5-ம் போட்டாலும் சராசரி 3, இடைநிலையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 3 தான்! அதனால் ஒவ்வொரு பதிலுக்கும் சதவீதத்தைக் காட்டுங்கள். அமெரிக்க உளவியலாளர் லிக்கர்ட் 1932-இல் இந்த 1 முதல் 5 வரையிலான முறையைச் சொன்னபோதே பல கேள்விகளின் மதிப்பெண்களைக் கூட்டித்தான் பார்த்தார், உங்களிடம் இருப்பது ஒரே கேள்வி. வேலைக்கு ஏற்ப திருப்தி மாறுகிறதா என்று பார்க்க எல்லாரும் கை வர்க்கச் சோதனைக்கு (கை-ஸ்கொயர், இரண்டு வகைப்பாடுகளுக்குள் தொடர்பு உண்டா என்று பார்ப்பது) ஓடுவார்கள். அட்டவணையில் 1 முதல் 5 வரையுள்ள பத்திகளை (காலம்களை) கலைத்துப் போட்டாலும் அது அதே விடையைத்தான் தரும், அதாவது வரிசையை அது கண்டுகொள்வதில்லை. இங்கே வரிசையைக் கணக்கில் எடுத்துப் பல குழுக்களை ஒப்பிடும் க்ரஸ்கல்-வாலிஸ் சோதனை பொருந்தும். அப்புறம், பதில் சொல்லாதவர்களுக்கு 9 என்று போட்டிருந்தால் அதை மிஸ்ஸிங் (பதில் இல்லை, கணக்கில் சேர்க்காதே) என்று குறித்துவிட்டீர்களா?

எழுதிய பதில்கள்தான் உங்கள் ஆய்வின் உயிர், தயவுசெய்து அதைப் பின்னிணைப்பில் தள்ளிவிடாதீர்கள். சொற்களை எண்ணும் மென்பொருளை நம்பி உட்காராதீர்கள். பஸ், பஸ்சு, பேருந்தில், பேருந்துக்கு எல்லாம் அதற்குத் தனித்தனிச் சொற்கள், தமிழில் வேற்றுமை உருபு ஒட்டுகிறபடி ஒட்டிக்கொண்டே போகும். 160 பதில்தானே, உட்கார்ந்து எல்லாவற்றையும் படியுங்கள். முதல் 40-ஐப் படிக்கும்போதே நேரம், கூட்டம், நிறுத்தத்தில் நிற்காமல் போவது, நடத்துநர் பேசும் விதம் என்று தலைப்புகள் தானாக வரும். "ஓசி டிக்கெட்டுனு கேவலமா பேசுறாங்க, நிறுத்தாமலும் போயிடுறாங்க" என்று ஒருவர் எழுதினால் அதில் இரண்டு தலைப்பு இருக்கிறது, ஆகவே ஒரே பத்தியில் 1, 2, 3 போடாமல் தலைப்புக்கு ஒரு பத்தி வைத்து, சொன்னால் 1, சொல்லாவிட்டால் 0 போடுங்கள். இந்தப் பத்திகளை வேலையோடு வைத்துப் பார்க்கத்தான் கை வர்க்கச் சோதனை. எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழே எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று அட்டவணைக்கு அடியில் வரும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் சிறிய எண்ணிக்கைகளுக்கும் பொருந்தும் ஃபிஷர் சோதனைக்கு மாறுங்கள். ஒரு தோழியையும் தனியாகத் தலைப்பு போடச் சொல்லி, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்பதை கோஹன் கப்பா என்ற அளவையில் பாருங்கள். பதில்களை மேற்கோள் காட்டும்போது பெயர், தடம், நிறுத்தம் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள், அந்தப் பெண்கள் நாளைக்கும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும்.

கேள்வி: எஸ்.பி.எஸ்.எஸ். வாங்கப் பணமில்லை. வேறு வழி?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஜமோவி, பி.எஸ்.பி.பி., ஆர் மூன்றும் இலவசம். பழக எளிது ஜமோவி. எக்ஸெலில் இருந்து கொண்டுபோகும்போது சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8 என்று இருப்பதில் சேமியுங்கள், சாதாரண சி.எஸ்.வி.யில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.