எழுந்து நில்லுங்கள், கையைக் குறுக்கே போட அவசரப்படாதீர்கள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, ஆபீஸில் ரக்பி ஆட்டத்துக்கும் டிசம்பர் 31 இரவு கேய்லிக்கும் கூப்பிடுகிறார்கள், பாட்டு வந்தால் என்ன செய்வது, 'காட் சேவ் த கிங்' என்ற மன்னர் பாட்டுதானே இவர்களுக்கும் தேசியகீதம் என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. (கேய்லி என்றால் கூட்டு நடனம். நம் கேலி இல்லை. ஆடத் தெரியாமல் போனால் இரண்டும் ஒன்றுதான்.)

மன்னர் பாட்டு பிரிட்டன் முழுமைக்கும் உரியது. ரக்பியில் அதைப் பாடுவது இங்கிலாந்து அணி. ஸ்காட்லாந்துக்கென்று சட்டப்படி தனி கீதம் கிடையாது. ஜனங்கள் பாடிப் பாடி கீதமாக்கிக்கொண்டதுதான் 'ஃபிளவர் ஆஃப் ஸ்காட்லாந்து'. ஏதோ பழங்காலப் பாட்டு என்று நானும் நினைத்திருந்தேன். 1314-இல் பானக்பர்ன் போரில் இரண்டாம் எட்வர்டைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பிய கதைதான், ஆனால் கோரீஸ் என்ற நாட்டுப்புற இசைக் குழுவின் ராய் வில்லியம்சன் எழுதியது 1960-களில். 1990-இல் எடின்பரோவின் முர்ரேஃபீல்டு ரக்பி மைதானத்தில் இங்கிலாந்தை 13-7 என்று வென்ற நாளில் இது ஒலித்தது. காமன்வெல்த் பதக்க மேடையில் 'ஸ்காட்லாந்து த பிரேவ்' போய் இது வந்தது 2010-இல், நம் டில்லியில்.

பாட்டோடு வாசிக்கும் பைப்பை, அதாவது பையில் காற்றடைத்து ஊதும் பேக்பைப்பை, கவனித்துக் கேளுங்கள். அடியில் சுருதி விடாமல் நிற்கும். ஒத்தோடு நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமே இல்லை. ஆனால் குழலில் இருப்பது ஒன்பதே சுரம். இந்தப் பாட்டில் ஓரிடத்தில் வேண்டிய சுரம் அதில் இல்லாததால் பைப் ஒன்று சொல்லும், கூட்டம் வேறொன்று பாடும். யாரும் கவலைப்படுவதில்லை. இரண்டாம் சரணத்தில் பைப் நின்றுவிடும், வெறும் தொண்டைதான். அதுவரை நடுவரைத் திட்டிக்கொண்டிருந்த பக்கத்து இருக்கைக்காரர் பியர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் பாடியதை நான் மறக்கவில்லை. சொல் தெரியாவிட்டால் எழுந்து நின்றாலே போதும்.

டிசம்பர் 31 நள்ளிரவில் வருவது 'ஆல்ட் லாங் சைன்'. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788-இல் எழுதியது. இன்று பாடும் மெட்டில் அச்சானது 1799-இல், அவர் இறந்த பிறகு. அதை ஆபீஸில் 'இங்கிலீஷ் பாட்டு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லி ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வட்டமாகக் கைகோத்து நிற்பார்கள்; கையைக் குறுக்கே போடுவது கடைசிச் சரணத்தில்தான். முதல் வருஷம் நான் ஆரம்பத்திலேயே குறுக்கே போட்டுக்கொண்டு நிற்க, பக்கத்தில் இருந்த பாட்டியம்மா பாடிக்கொண்டே என் கையைப் பிரித்துவிட்டார். அப்புறம், முடிவில் எல்லோரும் வட்டத்தின் நடுவுக்கு ஓடுவார்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது அங்கேதான் போனது.