ஐஎஸ்ஓவை வீட்டில் வைத்துக்கொண்டு சர்வருக்கு ஓஎஸ் போடாதீர்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் நான்கு டெல் சர்வர்கள், எல்லாவற்றிலும் விண்டோஸ் சர்வர் 2022 ஏற்ற வேண்டும். வீட்டிலிருந்து விபிஎன் வழியாக ஐடிராக்கில் (சர்வரைத் தூரத்திலிருந்தே இயக்க டெல் உள்ளே வைத்திருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) நுழைந்து, லேப்டாப்பில் உள்ள ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிவிடியின் ஒற்றை ஃபைல் நகல்) விர்ச்சுவல் மீடியாவாக, அதாவது சர்வரில் டிவிடி போட்டது போலக் கொடுத்தால் பாதியில் நிற்கிறது. சரி, ரிமோட் ஃபைல் ஷேர் (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரிலிருந்து ஐஎஸ்ஓவை எடுப்பது) என்று போய் அங்குள்ள லினக்ஸ் பிசியின் என்எஃப்எஸ் (லினக்ஸில் ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும் முறை) பாதையைக் கொடுத்தால் இணையவே மாட்டேன் என்கிறது.

பாதியில் நிற்பதில் ஆச்சரியமே இல்லை அண்ணாச்சி. ஐஎஸ்ஓ ஏறக்குறைய 5 ஜிபி. வீட்டு லைனில் அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்றால் ஒரு தடவை முழுசாகப் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் கரண்ட் போனாலோ கன்சோல் விண்டோவை மூடினாலோ சோலி முடிந்தது. ஐஎஸ்ஓவை முந்தின ராத்திரியே அந்த லினக்ஸ் பிசிக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம் உங்கள் லைனில் வருவது கன்சோல் திரை மட்டும்தான், அது அறுந்தாலும் இன்ஸ்டாலேஷன் பாட்டுக்கு ஓடும். ஆகவே ரிமோட் ஃபைல் ஷேர்தான் சரியான வழி. ஐடிராக்கில் என்டர்பிரைஸ் லைசென்ஸ் இருக்க வேண்டும்.

இனி இணையாத கதை. அந்த ஷேரை மவுண்ட் செய்வது, அதாவது இணைத்துத் திறப்பது, உங்கள் லேப்டாப்பும் இல்லை, சர்வரின் ஓஎஸ்ஸும் இல்லை, தனி ஐபியோடு உள்ளே உட்கார்ந்திருக்கும் ஐடிராக். எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் (ஷேரை யார் திறக்கலாம் என்று லினக்ஸ் பிசியில் எழுதிவைக்கும் பட்டியல்) சர்வரின் ஐபியைப் போட்டுவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய. அங்கே ஐடிராக்கின் ஐபியோ அதன் சப்நெட்டோ (அது இருக்கும் ஐபி வரிசை) இருக்க வேண்டும், ரீட் ஒன்லி போதும். ஐடிராக்குகளின் மேனேஜ்மென்ட் நெட்வொர்க் தனி விலேனில் (பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதி) இருந்தால் அங்கிருந்து லினக்ஸ் பிசிக்கு வழி உண்டா என்று நெட்வொர்க் ஆளிடம் கேளுங்கள். ஃபயர்வாலில் 2049-ஆம் போர்ட்டை மட்டும் திறந்தால் என்எஃப்எஸ் 3-ஆம் பதிப்புக்குப் போதாது, 111-உம் மவுண்ட்டியின் (mountd, மவுண்ட் கோரிக்கைகளைக் கவனிக்கும் புரோகிராம்) போர்ட்டும் வேண்டும், அந்தப் போர்ட் நிலையாக இருக்காது என்பதால் கான்ஃபிக்கில் ஒரு எண்ணைக் கட்டிப்போடுங்கள். ரூட் ஸ்க்வாஷ் (வெளியிலிருந்து வரும் ரூட்டுக்கு அந்த அதிகாரம் தராத அமைப்பு) இருப்பதால் ஐடிராக் யாரோ ஒரு வெளியாளாகத்தான் உள்ளே வரும். ஆகவே எல்லோரும் படிக்கும்படி ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755 என்று அனுமதி கொடுங்கள். ஐஎஸ்ஓவின் நீளமான பெயரையும் இடைவெளி இல்லாமல் சின்னதாக மாற்றிவிடுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து பிசகினாலும் கிடைக்காது.

சாம்பாவிலும் (விண்டோஸ் முறையில் ஃபோல்டரைப் பகிர லினக்ஸில் ஓடும் சாஃப்ட்வேர்) இதைச் செய்யலாம், ஆனால் பழைய சர்வர் போர்டுகள் சில எஸ்எம்பி 1 (அந்த விண்டோஸ் முறையின் பாதுகாப்பில்லாத பழைய பதிப்பு) மட்டும்தான் பேசும், சாம்பா 4.11-லிருந்து அது தானாகவே அணைந்திருக்கும். அதைத் திறந்துவிடச் சொல்ல எனக்கு மனசு வராது.

இணைந்ததும் அடுத்த பூட்டுக்கு விர்ச்சுவல் சிடியைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏதாவது கீயை அழுத்து என்று சில நொடிகள் ஒரு வரி வரும், விபிஎன் தாமதத்தில் அதைத் தவறவிடுவது சகஜம், அதனால் கறுப்புத் திரை வந்ததுமே தட்டத் தொடங்குங்கள். முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு அதே வரி வந்தால் கையை எடுத்துவிடுங்கள், டிஸ்க்கிலிருந்து தொடரட்டும். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் ரெய்டு கார்டின் (டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கார்டு) டிரைவர் வேண்டும். முதல் சர்வர் ஒழுங்காக ஏறிவிட்டால் மற்ற மூன்றையும் அதே ஐஎஸ்ஓவில் ஒரே நேரத்தில் விடலாம்.